கூடினால்தான் குறையும் என்று காத்திருக்காதீர்கள்

அமெரிக்காவில் லைம் நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆன்டிபயாடிக் தொடங்கியபின் தலை கனத்தால், கை நடுங்கினால், பேச்சு தடுமாறினால், தூக்கம் தொலைந்தால், ‘கிருமி சாகிறது, அதனால்தான் இப்படிப் படுத்துகிறது’ என்று தேற்றிக்கொள்கிறார்கள். உடம்பு எவ்வளவு மோசமாகிறதோ அவ்வளவு நன்றாக மருந்து வேலை செய்கிறது என்பது அவர்கள் கணக்கு. இரண்டு வாரம் போனாலும் இதே சமாதானம். இரண்டு மாதம் போனாலும் இதே சமாதானம். சிகிச்சை தரும் மருத்துவர்களிலேயே சிலர் இதைச் சொல்லி அனுப்புகிறார்கள். இந்த நம்பிக்கையில் முதல் ஒரு நாளுக்கு மட்டுமே உண்மை உண்டு. அந்த ஒரு நாளை மாதக்கணக்காக இழுத்து நீட்டினால் கண்பார்வை போகலாம், மூளை கலங்கலாம், உயிரே போகலாம். இதை உரக்கச் சொல்லியாக வேண்டும்.

லைம் நோயின் கதை கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்குகிறது. லைம், ஓல்டு லைம் என்ற ஊர்களில் பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்கியபோது, பாலி மர்ரி என்ற தாய் அதிகாரிகளை விடாமல் துளைத்தெடுத்தார். 1975இல் ஆய்வு தொடங்கியது. யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலன் ஸ்டீர் அதை ஒரு தனி நோயாக அடையாளம் காட்டினார். மொன்டானாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலுக்குள் சுருள் வடிவக் கிருமியைக் கண்டு 1982இல் உலகுக்கு அறிவித்தார். அதைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் இளம்பருவம் கசகசா அளவே இருக்கும். மே முதல் ஜூலை வரை புல்தரை ஓரங்களிலும் புதர்களிலும் அது காத்திருக்கும். கடித்தால் வலிக்காது, அரிக்காது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீட்டின்படி அந்த நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,76,000 பேர் இந்த நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார்கள்.

நோயைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் 10 முதல் 14 நாள் மாத்திரை போதும். டாக்சிசைக்ளின், அமாக்ஸிசிலின், செஃபுராக்சைம் மூன்றில் ஒன்று. தாமதமானால் கிருமி நரம்புக்குப் போகும். முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். மையத்துக்கு வரும் நோயாளர் விவரங்களில் நூற்றுக்குச் சுமார் 9 பேருக்கு இந்த முகவாதம் காணப்படுகிறது. மூளைச்சவ்வில் அழற்சி வரும். முதுகிலிருந்து கை கால் வரை இரவெல்லாம் சுண்டி இழுக்கும் நரம்புவலி வரும். தொற்றுநோய், நரம்பியல், மூட்டுநோய் மருத்துவர்களின் மூன்று அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்த நிலைக்கு 14 முதல் 21 நாள் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. டாக்சிசைக்ளின் மாத்திரையாகவோ செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்து ரத்தக்குழாய் வழி ஊசியாகவோ தரப்படும். பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஆன்டிபயாடிக் இந்த நோய்க்கு இன்றியமையாதது என்பதில் நமக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. நம் கவலை, மருந்து உள்ளே போனபின் நரம்பு தரும் குறிகளை நோயாளியும் மருத்துவரும் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பற்றியது.

முதல் நாள் உண்மை என்ன? சிபிலிஸ் நோய்க்குப் பாதரசம் கொடுத்த காலத்தில், மருந்து கொடுத்தவுடன் தடிப்புகள் சீறி எழுவதை ஆஸ்திரியத் தோல் மருத்துவர் அடோல்ஃப் யாரிஷ் 1895இல் பதிவு செய்தார். ஜெர்மனியின் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர் 1902இல் அதையே மேலும் விளக்கினார். இருவர் பெயராலும் அது யாரிஷ்–ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்விளைவு என்று வழங்குகிறது. நோயாளிகள் சுருக்கமாக ‘ஹெர்க்ஸ்’ என்கிறார்கள். சுருள் கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது அவற்றின் உடற்பகுதிகள் ரத்தத்தில் சிதறுகின்றன. அதைக் கண்டு நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் அழற்சிப் புரதங்களைக் கொட்டுகின்றன. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் முதல் மாத்திரை போட்டவருக்குச் சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம் பிடிக்கும். போர்வை மேல் போர்வை போட்டாலும் பல் கிட்டும். காய்ச்சல் ஏறும், தலை இடிக்கும், உடம்பு அடித்துப் போட்டதுபோல வலிக்கும், தோலில் இருந்த தடிப்பு இன்னும் சிவக்கும். லைம் நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு இது நேர்கிறது. முதல் 24 மணி நேரத்துக்குள் வந்து, ஒரு நாளைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதைத் தாங்கிக்கொள்ளலாம், தாங்கிக்கொள்ளவும் வேண்டும். பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், ஓய்வு, பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும். அன்று வண்டி ஓட்டக் கூடாது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அடுத்த வேளையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. இந்த எதிர்விளைவை ஒவ்வாமை என்று தவறாக எண்ணி நல்ல மருந்தைக் கைவிட்டவர்களும் உண்டு. உதடும் முகமும் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டினால் அது ஒவ்வாமை; அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ஆனால் மூன்றாம் நாள், பத்தாம் நாள், நாற்பதாம் நாள் வரும் நரம்புக் குறிகளுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. அவற்றுக்குப் பின்னால் வேறு காரணங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு.

முதல் சந்தேகம் மருந்தின்மீதே விழ வேண்டும். பாஸ்டனைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஷமிக் பட்டாச்சார்யாவும் அவர் குழுவினரும் 2016இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். ஆன்டிபயாடிக்கால் மூளை குழம்பிய 391 நோயாளிகளின் விவரங்களை மருத்துவ இலக்கியத்திலிருந்து திரட்டினார்கள். அவற்றில் சம்பந்தப்பட்ட மருந்துகள் 54. பாதிப்பு மூன்று விதமாக வருகிறது என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகளில் சில நாளிலேயே தசைத் துடிப்பும் வலிப்பும் வரும். வேறு சிலவற்றில் இல்லாததைக் காண்பதும் கேட்பதுமாக மனம் பிறழும். மெட்ரோனிடசோலில் சில வாரம் கழித்து நடை தள்ளாடும், நாக்கு குழறும்.

நரம்பு லைம் நோய்க்கு அதிகம் தரப்படும் செஃப்ட்ரியாக்சோனை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோருக்கு அது பாதுகாப்பான மருந்து. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது உடம்பில் தேங்கி மூளையைக் கலக்கக்கூடும். அந்த மருந்தின் அதிகாரபூர்வ விவரக்குறிப்பிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. வீட்டில் இது எப்படித் தெரியும்? பெரியவர் நேற்று வரை பேரன் பெயரைச் சரியாகச் சொன்னார், இன்று தடுமாறுகிறார். தட்டில் சோறு இருக்க, சாப்பிட்டேனா என்று கேட்கிறார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு திடீர் திடீரென்று தொய்ந்து விழுகிறது. தோளும் முகமும் இடையிடையே வெட்டி இழுக்கின்றன. நேரத்தில் கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர் சில நாளில் தெளிந்துவிடுகிறார்கள். ‘ஹெர்க்ஸ்’ என்று எண்ணி மறுநாள் ஊசியையும் போட்டால் அடுத்தது வலிப்பு.

டாக்சிசைக்ளின் இன்னொரு விதம். அரிதாக அது மண்டையோட்டுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். படுத்தால் தலைவலி கூடும். நாடித் துடிப்போடு சேர்ந்து காதுக்குள் ‘உஸ் உஸ்’ என்று இரையும். குனிந்து நிமிரும்போது சில நொடிகள் பார்வை மங்கி வரும். ஒன்று இரண்டாகத் தெரியும். உடல் எடை கூடிய இளம்பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்து எடுக்கவே கூடாது. கண் மருத்துவர் விழிக்குள் விளக்கடித்துப் பார்த்தால் பார்வை நரம்பின் வீக்கம் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பாராமல் விட்டால் பார்வை நிரந்தரமாகப் போகலாம். லைம் நோயிலும் தலைவலி, இந்த அழுத்தத்திலும் தலைவலி, முதல்நாள் எதிர்விளைவிலும் தலைவலி. மூன்றையும் பிரித்தறிய நோயாளியால் முடியாது. பரிசோதனை வேண்டும்.

லைம் நோய் தீராமல் இழுக்கிறது என்று நம்பும் நோயாளிகளுக்குச் சில மருத்துவமனைகள் வழிகாட்டியில் இல்லாத மருந்துகளையும் அடுக்குகின்றன. மெட்ரோனிடசோல், டினிடசோல் வகைகளை மாதக்கணக்கில் எழுதுகிறார்கள். குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராமையும் தருகிறார்கள். இவை எல்லாமே நரம்பைத் தாக்கும் இயல்புடையவை. பாதம் மரத்துப்போவதும் எரிவதும் இவற்றின் அறியப்பட்ட தீங்குகள். லைம் நோயாளி அடிக்கடி சொல்லும் குறிகளும் அவையே. மருந்து தந்த மரப்பை நோயின் மரப்பென்று எண்ணி மருந்தைக் கூட்டும் சுழல் இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது சந்தேகம் உண்ணியின்மீது. ஒரே உண்ணி ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகளைச் சுமக்கும். அவற்றில் ஒன்று பொவாசன் வைரஸ். அது மூளைக்காய்ச்சலைக் கொடுக்கும். வைரஸ் என்பதால் எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. மூளை பாதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார். பிழைத்தவர்களில் பாதிப் பேருக்கு நீண்டகாலக் குறை தங்குகிறது. வட கரோலினாவின் முன்னாள் செனட்டர் கே ஹேகன் இந்த வைரஸ் கொடுத்த மூளைப் பாதிப்போடு பல ஆண்டு போராடி 2019 அக்டோபரில் மறைந்தார். உண்ணி நோய்களுக்காக அந்த ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. டாக்சிசைக்ளின் சாப்பிடும் ஒருவருக்கு மயக்கமும் குழப்பமும் வருகிறதென்றால் அது வேறொரு நோயாக இருக்கலாம் என்ற நினைப்பு மருத்துவருக்கு வர வேண்டும்.

மூன்றாவது, நோயே முன்னேறுவது. சிகிச்சை தொடங்கிய முதல் நாள்களில் முகவாதம் புதிதாகத் தலைகாட்டலாம். நான்காவது, முதல் நாளிலிருந்தே நோய் வேறாக இருப்பது. நரம்பு நோய்கள் பலவற்றின் தொடக்கக் குறிகள் லைம் நோயின் குறிகளைப் போலவே இருக்கும். ‘கிருமி சாகிறது’ என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் உண்மையான நோய்க்குக் கிடைக்கும் சலுகை.

மனத்தையும் இங்கே சேர்த்தே பேச வேண்டும். டென்மார்க்கில் 1994 முதல் 2016 வரையிலான நாடு தழுவிய பதிவேடுகளை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. மருத்துவமனையில் லைம் நோய் உறுதியானவர்களிடையே தற்கொலை முயற்சி மற்றவர்களைவிட இரு மடங்காக இருந்ததை அது காட்டியது. சிகிச்சையின்போது திடீரென்று பதற்றம் கூடினாலோ, வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு வந்தாலோ, அதையும் ‘ஹெர்க்ஸ்’ கணக்கில் எழுதுவதை மன்னிக்க முடியாது. அமெரிக்காவில் இருப்பவர்கள் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். அந்த எண் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பொறுமை உயிரைக் குடித்த கணக்கும் நம்முன் இருக்கிறது. 30 வயதுப் பெண் ஒருவர் நாள்பட்ட லைம் என்ற பெயரில் 27 மாதம் ரத்தக்குழாய் வழி ஊசியிலேயே வைக்கப்பட்டார். அதற்காகப் பதித்த குழாயில் பூஞ்சைத் தொற்று பிடித்து இறந்தார். 2000ஆம் ஆண்டு மருத்துவ இதழில் இது பதிவானது. 2017இல் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதே போன்ற 5 நோயாளிகளின் கதையை வெளியிட்டது. குழாய் வழியே ரத்தத்தில் கிருமி பரவியது, முதுகெலும்பில் சீழ் கட்டியது, ஆன்டிபயாடிக்கால் குடல் புண்ணாகிப் பேதி நிற்காமல் போனது என்று அந்த அறிக்கை நீள்கிறது. அவர்களில் ஒரு பெண் ரத்தத்தில் பரவிய தொற்றால் உயிரிழந்தார்.

இத்தனை ஆபத்தையும் ஏற்று நீண்டகாலம் மருந்து சாப்பிட்டால் பலனாவது உண்டா? அமெரிக்காவில் மார்க் கிளெம்ப்னர் குழு 30 நாள் ஊசியும் 60 நாள் மாத்திரையும் கொடுத்துப் பார்த்து 2001இல் முடிவை வெளியிட்டது. வெற்று மருந்து சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிரையன் ஃபாலன் 10 வாரம் செஃப்ட்ரியாக்சோன் கொடுத்தார். 12ஆம் வாரம் நினைவாற்றல் சற்று மேம்பட்டது. 24ஆம் வாரத்தில் அந்த மேம்பாடு கரைந்துவிட்டது. நெதர்லாந்தில் 280 பேரை வைத்து நடந்த ஆய்வில் எல்லோருக்கும் முதலில் இரு வாரம் ஊசி போட்டு, பிறகு 12 வாரம் கூடுதல் மருந்தும் வெற்று மருந்துமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். 2016இல் வந்த முடிவும் அதேதான்: கூடுதல் மருந்தால் கூடுதல் நலம் இல்லை.

அப்படியானால் நோயாளிகள் ஏன் இந்த வழிக்குப் போகிறார்கள்? அவர்களைக் குறை சொல்வது எளிது, நியாயம் இல்லை. முறையாக மருந்து சாப்பிட்டு முடித்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குக் களைப்பும் உடல்வலியும் சிந்தனை மந்தமும் மாதக்கணக்கில் தொடர்வதை நோய்க் கட்டுப்பாட்டு மையமே ஒப்புக்கொள்கிறது. அவர்கள் மருத்துவரிடம் போனால், ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, எல்லாம் மனக்கவலை என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த அலட்சியம் தள்ளிவிட்ட இடத்தில்தான், ‘நான் நம்புகிறேன், உங்கள் வேதனை உண்மை’ என்று சொல்லி மாதக்கணக்கில் ஊசி போடும் கடைகள் திறந்திருக்கின்றன. ஒருவர் வேதனையை நம்பவில்லை. மற்றவர் வேதனையையே குணம் என்கிறார். ஏன் வேதனை என்று தேடிப் பார்ப்பதை இருவருமே செய்யவில்லை.

நீண்டகால ஆன்டிபயாடிக் தேவையா என்று மருத்துவர்கள் இரண்டு முகாமாகப் பிரிந்து நடத்திய சண்டையில் அரசியலும் சட்டமும் கலந்தன. கனெக்டிகட்டின் அன்றைய அட்டர்னி ஜெனரல் ரிச்சர்டு புளூமென்தால் 2006இல் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டிமீது விசாரணை தொடங்கினார். மறு ஆய்வுக் குழு அமைந்தது. அந்தக் குழு 2010இல் வழிகாட்டியையே உறுதி செய்தது. இதற்கிடையே 2009இல் அதே மாநிலம், நீண்டகால ஆன்டிபயாடிக் எழுதும் மருத்துவர்களைத் தண்டனையிலிருந்து காக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மருந்து எழுதியவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. நள்ளிரவில் கை வெட்டி இழுக்கும்போது நோயாளி யாரை அழைப்பது என்ற கேள்விக்கு அந்தச் சண்டை முழுவதிலும் ஒருவரும் பதில் எழுதவில்லை.

இது தமிழ் வாசகர்களுக்கு எட்டாத தொலைவில் நடப்பது அல்ல. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ், கனடாவின் ஒன்டாரியோ என்று இந்த உண்ணி வாழும் பகுதிகளில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. பேரக்குழந்தையைப் பார்க்கக் கோடையில் வரும் அப்பா அம்மா காலையில் நடக்கப்போவது அதே புல்தரை ஓரத்தில்தான். நம் நிறத் தோலில் லைம் தடிப்பு பாடப்புத்தகப் படம்போலச் சிவப்பு வளையமாகத் தெரிவதில்லை. கன்றிப்போன இடம்போலப் பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும், அல்லது கண்ணுக்கே தெரியாது. கருந்தோல் நோயாளிகளில் பலருக்கு நோய் உடம்பில் பரவியபின்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. பயணக் காப்பீடு எவ்வளவு கொடுக்குமோ, அவசரப் பிரிவுக்குப் போனால் எத்தனை ஆயிரம் டாலர் பில் வருமோ என்ற பயத்தில் பெரியவர்கள் வாயைத் திறப்பதில்லை.

பெட்டியில் வேறு மருந்து இருக்கிறது. ஊரிலிருந்து கிளம்பும்போது வயிற்றுப்போக்குக்கு என்று ஆஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் பட்டை ஒன்றை எடுத்துவைப்பது நம் வீடுகளில் பழக்கம். டாக்சிசைக்ளின் சாப்பிட்டு வயிறு கலங்கினால் உடனே அதில் ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். ஆஃப்ளாக்சசின் சேர்ந்த வகை மருந்துகள் நரம்பை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013இல் எச்சரித்தது. மனக் குழப்பமும், சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைவதும் நேரலாம் என்று 2018இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் 68 வயதுக்காரர் அதைப் போட்டுக்கொண்டு மதியம் உளறத் தொடங்கினால், லைம் நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்றுதான் வீடு பதறும். ஆர்னிடசோலோ மெட்ரோனிடசோலின் உறவு. பேதி ஆன்டிபயாடிக்காலேயே வந்த குடல் தொற்றாக இருந்தால், கையிருப்பு மாத்திரை அதை மறைத்து இன்னும் மோசமாக்கலாம்.

எதிர்விளைவைச் சமாளிப்பதற்கு வீட்டில் செய்யக்கூடியது நிறைய உண்டு. முதல் மாத்திரை போட்ட நாளையும் மணியையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு தோன்றும் ஒவ்வொரு குறியையும் நேரத்தோடு கீழே எழுதுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி ‘எப்போது தொடங்கியது’ என்பதாகத்தான் இருக்கும். பதில் அந்தத் தாளில் இருக்கும். நோயாளி சாப்பிடும் மற்ற மருந்துகள், சூரணம், வைட்டமின் உட்பட எல்லாவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். டாக்சிசைக்ளினைப் பாலோடும் சுண்ணாம்பு, இரும்புச் சத்து மாத்திரைகளோடும் சேர்த்துத் தராதீர்கள், மருந்து உடம்பில் முழுதாக ஏறாது. ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்கச் சொல்லுங்கள். உடனே படுக்க விடாதீர்கள். முதல் நாளைக் காய்ச்சல் மாத்திரையோடு கடந்துவிடலாம். அதற்குப் பிறகு புதிதாக எந்த நரம்புக் குறி வந்தாலும் அன்றே மருத்துவரை அழையுங்கள். பார்வை மங்கல், பேச்சுக் குழறல், குழப்பம், வலிப்பு, கை கால் பலவீனம், கழுத்து விறைப்போடு தலைவலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த வேளை மருந்துக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருந்துப் பட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முகவாதமும் நரம்புவலியும் மருந்து முடிந்த கையோடு மறைந்துவிடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிருமி போனாலும், அடிபட்ட நரம்பு தேறுவதற்கு வாரங்களும் மாதங்களும் பிடிக்கும். அது மேலும் ஆன்டிபயாடிக் கேட்கும் அழைப்பு இல்லை. கோணிய முகத்தில் கண் மூடாவிட்டால் சொட்டு மருந்தும், இரவில் கண்ணை மூடி ஒட்டும் பட்டியும் வேண்டும். உடற்பயிற்சி சிகிச்சையும் தூக்கத்தைச் சீர்செய்வதும் வலிக்கான மருந்தும் வேண்டும். மெல்ல மெல்லக் குறைந்து வரும் குறிக்குப் பொறுமை காட்டலாம். புதிதாக முளைப்பதற்கும் நாளுக்கு நாள் ஏறுவதற்கும் காட்டக் கூடாது.

மருத்துவ உலகமும் அரசுகளும் செய்ய வேண்டியவை இவை. லைம் நோய்க்கு ஆன்டிபயாடிக் எழுதும் ஒவ்வொரு சீட்டோடும் ஒரு பக்கத் தாள் போக வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் என்ன வரலாம், அதற்குப் பிறகு எது வந்தால் அழைக்க வேண்டும், எது வந்தால் ஓட வேண்டும், இரவில் அழைக்க வேண்டிய எண் எது என்று அதில் இருக்க வேண்டும். நோயாளி பேசும் மொழியிலும் அது இருக்க வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் இந்த வேலையை இந்தக் கோடையிலேயே தொடங்கலாம். முதியவருக்கும் சிறுநீரகக் குறை உள்ளவருக்கும் சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்காமல் வீட்டில் ஊசி தொடங்கக் கூடாது. வழிகாட்டியின் அளவைத் தாண்டி மாதக்கணக்கில் மருந்து எழுதும் மருத்துவரைச் சட்டம் காக்குமானால், நரம்பியல் பரிசோதனையையும் தீங்குகளை மருந்து நிர்வாகத்துக்கு அறிவிப்பதையும் அதே சட்டம் கட்டாயமாக்க வேண்டும். குறிகள் நீடிக்கும் நோயாளிகளை மனக்கவலை என்று விரட்டுவதும் நிற்க வேண்டும். அவர்களுக்கான தனிப் பிரிவுகளுக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டும்; கதவு அடைபட்டிருக்கும் வரை அவர்கள் ஊசிக் கடைகளுக்குத்தான் போவார்கள்.

லைம் நோயாளிகளிடம் ஏற்கெனவே போதுமான பொறுமை இருக்கிறது. இன்னும் தாங்கு என்று சொல்லி அதைச் சிகிச்சையாக விற்க யாருக்கும் உரிமை இல்லை. முதல் நாளைக் கடந்தபின் வரும் ஒவ்வொரு நரம்புக் குறிக்கும் காரணம் கண்டு சொல்வது மருந்து எழுதியவரின் கடமை. ‘கிருமி சாகிறது’ என்பதையே அவர் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தால், வேறு மருத்துவரைப் பாருங்கள், அன்றைக்கே பாருங்கள்.